பாதிக் கதை கேட்டு வளர்ந்த பகைவன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உருவத்தால் ஒன்றுபட்டு உள்ளத்தால் வேறுபட்ட உடன்பிறந்தாரின் கதை தமிழ் மக்களுக்குப் புதியதன்று. 1940-ஆம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் இயக்கத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்ட 'உத்தமபுத்திரன்' வெளிவந்தது. 1958-இல் ஸ்ரீதரின் எழுத்தில், டி. பிரகாஷ் ராவ் இயக்கத்தில், சிவாஜி கணேசன் நடிக்க அதே பெயரில் மற்றொரு படம் வந்தது. இவ்விரண்டின் ஊற்றும் பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா 1847 முதல் 1850 வரை தொடராக எழுதிய நாவலில் வரும் இரும்பு முகமூடிக் கைதியின் கதையே. அரியணையில் ஒருவன், இருட்சிறையில் ஒருவன், இருவர்க்கும் முகம் ஒன்று. திரையரங்கில் அமர்ந்திருந்தோர் நல்லவன் பக்கம் நின்றனர். தீயவன் வீழக் கண்டு மனநிறைவோடு வீடு திரும்பினர்.

தீயவன் ஏன் தீயவன் ஆனான் என்னும் வினாவிற்கு 1958-ஆம் ஆண்டுப் படத்தில் விடை இல்லாமல் இல்லை. தாய்மாமனின் தீய வளர்ப்பு அங்கே காட்டப்படுகிறது. ஆனால் அவ்விடை கதையின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2018-இல் வெளிவந்த ஒரு வீடியோ விளையாட்டு அந்த வினாவை ஓரத்திலிருந்து எடுத்துக் கதையின் நடுவில் வைத்தது. 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' என்பது அதன் பெயர். அதில் வரும் டெய்மோஸ் என்னும் பகைவனின் படைப்பே இவ்வுரையின் பொருள்.

விளையாட்டைப் பற்றி இலக்கிய அவையில் பேசலாமோ என்று சிலர்க்கு ஐயம் எழக்கூடும். கூத்தும் நாடகமும் ஒரு காலத்தில் அந்த ஐயத்திற்கு ஆளானவையே. கதை எங்கே சொல்லப்படுகிறதோ, மாந்தர் எங்கே படைக்கப்படுகின்றனரோ, அங்கே திறனாய்வுக்கும் இடமுண்டு.

ஆட்டத்தின் களம்

யுபிசாஃப்ட் நிறுவனத்தின் கனடா நாட்டுக் கியூபெக் பிரிவினர் உருவாக்கிய இவ்விளையாட்டு 2018 அக்டோபர் 5-ஆம் நாள் வெளிவந்தது. 2007-இல் தொடங்கிய ஒரு விளையாட்டு வரிசையில் இதுவும் ஒன்று. கதை நிகழும் காலம் கி.மு. 431 முதல் 422 வரை. ஏதென்ஸ் நகரமும் ஸ்பார்ட்டாவும் தத்தம் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு மோதிய பெலோபொனேசியப் போரின் முற்பகுதி. பெரிக்ளீஸ், சாக்ரடீஸ், ஹெரோடோட்டஸ் முதலான வரலாற்று மாந்தர் இதில் நடமாடுகின்றனர்.

இத்தகைய விளையாட்டில் ஆடுபவர் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். கதைத்தலைவரை நடத்திச் செல்வதும் அவரே. உரையாடலில் இன்ன விடை தருக என்று தேர்ந்து கொடுப்பதும் அவரே. தொடக்கத்திலேயே அவர்முன் ஒரு வினா வைக்கப்படுகிறது. கசாண்ட்ரா என்னும் பெண், அலெக்சியோஸ் என்னும் ஆண், இருவருள் யாராக வாழ விரும்புகிறீர்? இருவரும் உடன்பிறந்தோர். ஒருவரைத் தேர்ந்ததும் மற்றவர் மறைந்துவிடுவதில்லை. தேர்ந்தெடுக்கப்படாதவரே டெய்மோஸ் என்னும் பெயரோடு பகைவராக எதிரில் வருகிறார்.

கசாண்ட்ராவைத் தேர்ந்தால் அலெக்சியோஸ் கொடியோன். அலெக்சியோஸைத் தேர்ந்தால் கசாண்ட்ரா கொடியோள். பிறப்பில் இளைய குழந்தை எதுவோ அதுவே டெய்மோஸ் ஆகிறது என்று கதை அமைகிறது. யார் மூத்தவர், யார் இளையவர் என்பதே ஆடுபவரின் தேர்வால் மாறுகிறது. கசாண்ட்ராவிற்குக் குரல் தந்த மெலிசாந்தி மாஹுத், அலெக்சியோஸுக்குக் குரல் தந்த மைக்கேல் அந்தோனாகோஸ் ஆகிய இருவரும் தலைமை மாந்தர்க்கும் பேசியுள்ளனர், பகைவர்க்கும் பேசியுள்ளனர். 2018-இல் கோர்டன் டோஹர்ட்டி எழுதிய இக்கதையின் நாவல் வடிவம் கசாண்ட்ராவையே தலைவியாகக் கொண்டது. சொல்வதற்கு எளிதாக இவ்வுரையும் அவ்வழியே செல்கிறது. எனவே ஈண்டு டெய்மோஸ் என்பவன் அலெக்சியோஸ்.

மலையுச்சியில் நடந்தது

கதைப்படி இவர்களின் தாய் மிரினி, கி.மு. 480-இல் தெர்மோபிலைக் கணவாயில் மாண்ட ஸ்பார்ட்டா மன்னன் லியோனிடாஸின் மகள். வளர்ப்புத் தந்தை நிகொலாவோஸ் ஒரு படைத்தலைவன். இளைய குழந்தையால் ஸ்பார்ட்டாவிற்கு அழிவு நேரும் என்று டெல்பி நகரின் தெய்வவாக்கு கூறுகிறது. டைகெட்டஸ் மலையுச்சிக்குக் குழந்தை கொண்டுசெல்லப்படுகிறது. தந்தை ஆணைக்குக் கட்டுப்பட்டுக் கல்லாக நிற்கிறான், தாய் கதறுகிறாள்.

அப்போது சிறுமி கசாண்ட்ரா தம்பியை மீட்க ஓடுகிறாள். குழந்தையை ஏந்தி நின்ற முதியவர்மீது அவள் மோத, முதியவரும் குழந்தையும் சேர்ந்து பள்ளத்தில் வீழ்கின்றனர். முதியவரைக் கொன்ற பழி சிறுமிமேல் விழுகிறது. தந்தையின் கையே அவளையும் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறது.

அவள் பிழைக்கிறாள்; ஒரு படகேறிக் கெஃபலோனியாத் தீவை அடைகிறாள். மார்க்கோஸ் என்னும் குறும்புக்கார வணிகன் அவளுக்கு வளர்ப்புத் தந்தை ஆகிறான். கூலிக்குப் போரிடும் வீராங்கனையாக அவள் வளர்கிறாள். பாட்டனின் முறிந்த வேல் ஒன்றே குடும்பத்தின் நினைவாக அவள் கையில் எஞ்சியிருக்கிறது. தம்பி இறந்துவிட்டான் என்றே எண்ணியிருக்கிறாள். அவனும் பிழைத்தான் என்பதைக் கதை பிறகே வெளியிடுகிறது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. மீட்க ஓடிய கையே வீழ்ச்சிக்கும் காரணமாயிற்று. தமக்கை குற்றமற்றவள், ஆயினும் அந்நிகழ்ச்சியில் அவள் கைக்கும் பங்குண்டு. இந்தச் சிக்கலை நினைவில் கொண்டே மேலே செல்லவேண்டும்.

இரட்டையர் நாடு

கசாண்ட்ராவும் அலெக்சியோஸும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர் அல்லர். சில ஆண்டுகள் இடைவெளி உண்டு. ஆயினும் இரட்டையர் கதையின் இலக்கணம் முழுவதும் இவர்களிடம் பொருந்துகிறது. ஒரே குருதி, ஒரே உச்சியிலிருந்து இருவர்க்கும் வீழ்ச்சி, இருவரில் எவரும் எவராகவும் ஆகியிருக்கலாம் என்னும் நிலை. இக்கதைக்கு ஸ்பார்ட்டாவைக் களமாகத் தேர்ந்ததும் பொருத்தமே. ஸ்பார்ட்டா இரட்டையரை அடித்தளமாகக் கொண்ட நாடு.

அந்நாட்டில் ஒரே காலத்தில் இரு மன்னர் ஆண்டனர். இரு குலங்களிலிருந்து வந்தனர். இக்குலங்களின் முதல்வர் யூரிஸ்தெனிஸ், புரோக்ளிஸ் என்னும் இரட்டையர் என்பது அவர்தம் மரபு. இதனை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தம் ஆறாம் நூலில் விரித்துரைக்கிறார். தந்தை இறந்தபின் மூத்தவனை மன்னனாக்க ஸ்பார்ட்டா மக்கள் விரும்பினர். இருவரும் ஒரே தோற்றத்தினர். மூத்தவன் யார் என்று தாயைக் கேட்டனர். அவள் தனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். தெரிந்தும் மறைத்தாள், இருவரும் மன்னராக வேண்டும் என்பது அவள் ஆசை. டெல்பியில் கேட்டபோது, இருவரையும் மன்னராக்குக, மூத்தவனுக்குச் சிறப்பு மிகுதியாகச் செய்க என்னும் விடை வந்தது. அப்போதும் மூத்தவன் யார் என்னும் சிக்கல் தீரவில்லை. மெசீனியா நாட்டான் ஒருவன் வழி சொன்னான்: தாய் எக்குழந்தையை முதலில் குளிப்பாட்டி ஊட்டுகிறாள் என்று மறைந்திருந்து பாருங்கள். அவ்வாறே பார்த்துக் கண்டுகொண்டனர். அவ்விரட்டையர் வாழ்நாள் முழுதும் பகைத்தே வாழ்ந்தனர். அவர் வழிவந்தோரும் அப்பகையைத் தொடர்ந்தனர் என்று ஹெரோடோட்டஸ் முடிக்கிறார்.

அதே நாடு வேறொரு இரட்டையரையும் வணங்கிற்று. காஸ்டர், பொலிடியூசிஸ் என்போர் அவர். ஒருவன் சாவுக்குரியவன்; மற்றவன் சாவில்லாதவன். காஸ்டர் இறந்தபோது பொலிடியூசிஸ் தன் சாவாமையில் பாதியை உடன்பிறந்தானுக்கு அளித்தான். அதன்பின் இருவரும் கீழுலகிலும் மேலுலகிலுமாக மாறிமாறி வாழ்ந்தனர் என்பது தொன்மம். ஆகப் பகைத்த இரட்டையர் அரியணையிலும், பகுத்துண்ட இரட்டையர் கோயிலிலும் இருந்த நாடு அது. கசாண்ட்ராவின்முன் இருப்பவை இவ்விரண்டு வழிகளே.

தெய்வவாக்குப் பொய்த்த செய்தியும் வரலாற்றில் உண்டு. விளையாட்டில், கோஸ்மோஸ் என்னும் மறைச்சங்கத்தார் டெல்பியின் பூசாரினியைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு வேண்டியதைச் சொல்லச் செய்கின்றனர். இது முழுக் கற்பனை அன்று. ஸ்பார்ட்டாவின் இரு மன்னருள் ஒருவனாகிய கிளியோமெனிஸ், மற்றொரு மன்னனாகிய டெமராட்டஸை வீழ்த்த, டெல்பியில் செல்வாக்குள்ள ஒருவன் வழியாகப் பூசாரினியை வசப்படுத்தினான். டெமராட்டஸ் முன்னாள் மன்னனுக்குப் பிறந்தவனே அல்லன் என்று அவள் வாக்குரைத்தாள். அவன் பதவி இழந்தான். சூது வெளிப்பட்டபோது பூசாரினியும் பதவி இழந்தாள். இதுவும் ஹெரோடோட்டஸ் தரும் செய்தி. ஒருவனின் பிறப்பைப் பற்றிப் பிறர் சொல்லும் ஒரு சொல் அவன் வாழ்வையே மாற்றிவிடும் என்பதை அந்நாடு அறிந்திருந்தது.

அச்சம் என்னும் பெயர்

டெய்மோஸ் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று, மறைச்சங்கத்தார் இட்டது. கிரேக்கத் தொன்மத்தில் போர்த்தெய்வமாகிய ஏரிஸுக்கும் காதல்தெய்வமாகிய அஃப்ரோடைட்டிக்கும் பிறந்தவர் ஃபோபோஸும் டெய்மோஸும். அச்சம், நடுக்கம் என்னும் பொருளுடைய இவ்விருவரையும் இரட்டையர் என்று கூறும் வழக்கு உண்டு. 1877-இல் செவ்வாய்க் கோளின் இரு துணைக்கோள்களை ஆசஃப் ஹால் கண்டறிந்தபோது, போர்த்தெய்வத்தின் பெயர் தாங்கிய கோளுக்குத் துணையாக இப்பெயர்களே சூட்டப்பட்டன.

விளையாட்டில் கசாண்ட்ரா ஏறிச்செல்லும் குதிரையின் பெயர் ஃபோபோஸ். இது சிறு குறிப்பாகத் தோன்றினும் பொருள் பொதிந்தது. இரட்டையருள் ஒருவன் அவளைச் சுமந்து செல்கிறான். மற்றவன் அவளை எதிர்த்து நிற்கிறான். அச்சம் அடக்கி ஆளப்படும்போது ஊர்தியாகிறது. பிறர் கையில் ஏவலாகும்போது வாளாகிறது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வரும். மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகிய அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், அரசர் என நான்கு நிலைக்களன்களை அந்நூல் வகுக்கிறது. டெய்மோஸிடம் இந்நான்கும் கூடுகின்றன. சங்கத்தார் அவனைத் தெய்வக் குருதி உடையவன் என்று போற்றுகின்றனர். விலங்கைப் பழக்குவதுபோல் பழக்கி ஏவுகின்றனர். அவனே தாயிடமிருந்து களவாடப்பட்ட குழந்தை. இன்றோ அவன் அதிகாரத்தின் வாள். அஞ்சத்தக்கவை நான்கும் ஓர் உடலில் திரண்டபோது, அலெக்சியோஸ் என்னும் குழந்தை இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிட்டது.

ஹெசியோட் என்னும் பழம்புலவர் இத்தெய்வங்களின் பிறப்பைச் சொல்லுமிடத்து ஃபோபோஸ், டெய்மோஸ் ஆகியோர்க்கு ஹார்மோனியா என்னும் உடன்பிறந்தாளும் உண்டென்கிறார். அப்பெயர்க்கு இணக்கம் என்பது பொருள். அச்சத்திற்கும் நடுக்கத்திற்கும் இணக்கம் உடன்பிறப்பு என்று கண்ட கிரேக்க மனம் வியக்கத்தக்கது.

பாதிக் கதை

அலெக்சியோஸ் எவ்வாறு டெய்மோஸ் ஆனான்? மலையடியில் குற்றுயிராய்க் கிடந்த குழந்தையைத் தாய் மிரினி கண்டெடுத்தாள். ஆர்கோலிஸ் நாட்டில் மருத்துவத் தெய்வமாகிய அஸ்க்ளீபியஸின் தலத்திற்கு ஏந்திச் சென்றாள். அங்கிருந்த கிரைசிஸ் என்பவள் குழந்தையைப் பெற்றுக்கொண்டாள். பின்னர்க் குழந்தை இறந்துவிட்டது என்று தாயிடம் சொல்லிவிட்டாள். அவள் மறைச்சங்கத்தைச் சேர்ந்தவள். தாய்க்கு ஒரு பொய். பிள்ளைக்கு என்ன சொல்லப்பட்டது? உன் பெற்றோர் உன்னை மலையிலிருந்து எறிந்தனர். நாங்கள் எடுத்து வளர்த்தோம்.

இக்கூற்றில் பொய்யான சொல் மிகக் குறைவு. குழந்தை மலையுச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டது உண்மை. தந்தை தடுக்காமல் நின்றது உண்மை. வளர்த்தவர் அவர்களே என்பதும் உண்மை. தாய் கதறியதும், தமக்கை ஓடிவந்ததும், தாய் அவனைத் தோளில் சுமந்து நாடு கடந்து சென்றதும், அந்த மலைக்குத் தீர்ப்பு எழுதியவரே வளர்த்தவர்கள் என்பதும் சொல்லாமல் விடப்பட்டன. டெய்மோஸின் சீற்றம் இந்தப் பாதிக் கதையின் விளைவு. முழுப்பொய்யைக் கேட்டு வளர்ந்தவன் என்றேனும் ஒருநாள் அதைப் பொய்யென்று கண்டு உதறிவிடக்கூடும். பாதி உண்மையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அவ்வழியும் அடைபட்டிருக்கிறது. அவன் எங்கே தேடினாலும் சான்று கிடைத்துக்கொண்டே இருக்கும்.

டெல்பியின் அடியில் உள்ள குகையில் சங்கத்தார் முகமூடி அணிந்து கூடுகின்றனர். கசாண்ட்ராவும் முகமூடியோடு நுழைகிறாள். கூட்டத்தில் வஞ்சகர் யார் என்று கண்டறிய, ஒவ்வொருவரையும் ஒரு பழம்பொருளின்மேல் கைவைக்கச் செய்து டெய்மோஸ் சோதிக்கிறான். அவள் கை வைத்ததும் மலையுச்சி நிகழ்ச்சி இருவர் மனத்திலும் தோன்றுகிறது. எதிரில் நிற்பவள் தமக்கை என்று அவன் அறிகிறான். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை, வேறொருவனைக் கொன்று அவளைத் தப்பவிடுகிறான். பாதிக் கதையின் மறுபாதி அவன் செவியில் விழுந்த முதல் நொடி அது. அந்நொடியிலேயே அவன் மாறிவிடவில்லை. நம்பியதை விடுவதற்கு அவன் அஞ்சுகிறான். அச்சத்தின் பெயரைத் தாங்கியவன் உண்மைக்கு அஞ்சி நிற்கும் இவ்விடம் கதையின் நுட்பமான இடங்களுள் ஒன்று.

கிரைசிஸைக் கசாண்ட்ரா கண்டுபிடிக்கும் காட்சியும் எண்ணத்தக்கது. கிரைசிஸ் ஒரு கோயிலுக்குத் தீ வைக்கிறாள். உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது. அவளைத் துரத்திப் பழிதீர்ப்பதா, தீயில் புகுந்து குழந்தையை மீட்பதா? தேர்வு ஆடுபவரிடம் விடப்படுகிறது. மலையுச்சியில் சிறுமியாக இருந்தபோது கசாண்ட்ரா சற்றும் எண்ணாமல் குழந்தையை நோக்கி ஓடினாள். சினம் ஏறிய பின்னும் அவள் அவ்வாறே ஓடுவாளா என்பதே கேள்வி. பழியை நோக்கி ஓடினால் டெய்மோஸுக்கும் அவளுக்கும் இடையிலுள்ள தொலைவு குறைந்துவிடுகிறது.

வரலாற்றின் வெற்றிடங்கள்

இதுகாறும் கூறியவற்றால் டெய்மோஸ் இரங்கத்தக்கவன் மட்டுமே என்று கொள்ளுதல் ஆகாது. அவன் கையில் குருதி உண்டு. அக்குருதி யாருடையது என்பதையும் கதை தெளிவாகச் சொல்கிறது.

பெரிக்ளீஸ் கி.மு. 429-இல் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்தார் என்பது வரலாறு. விளையாட்டில் நோயால் நலிந்த பெரிக்ளீஸை டெய்மோஸ் கொல்கிறான். கி.மு. 425-இல் பைலோஸ் கடற்கரையை ஒட்டிய ஸ்ஃபாக்டீரியாத் தீவில் ஸ்பார்ட்டா வீரர் முற்றுகைக்குள்ளாகிச் சரணடைந்தனர். உயிரோடு பிடிபட்டவர் 292 பேர் என்றும், அவருள் 120 பேர் அளவில் ஸ்பார்ட்டாக் குடிமக்கள் என்றும் துசிடிடீஸ் எழுதுகிறார். ஸ்பார்ட்டா வீரன் சாவான், சரணடையான் என்றிருந்த எண்ணத்தைக் குலைத்த போர் அது. அக்களத்தில் தமக்கையும் தம்பியும் நேர்நேர் மோதுகின்றனர். கி.மு. 422-இல் ஆம்ஃபிபோலிஸ் போரில் ஸ்பார்ட்டாவின் பிராசிடாஸ், ஏதென்ஸின் கிளியோன் ஆகிய இரு படைத்தலைவரும் மாண்டனர். பிராசிடாஸைக் கொன்றவன் இன்னான் என்று துசிடிடீஸ் பெயர் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் விளையாட்டு டெய்மோஸை நிறுத்துகிறது.

வரலாற்றுக் கதை எழுதுவோர் அறிந்த உத்தி இது. ஆவணம் வாய்மூடும் இடத்தில் கற்பனை வாய்திறக்கிறது. ஆனால் இங்கே அவ்வுத்தி கதைக்கு ஒரு கடமையையும் சுமத்துகிறது. பிராசிடாஸ் இவ்விளையாட்டில் நேர்மை மிக்கவன். கசாண்ட்ராவின் பக்கம் நின்று போரிடுபவன். வரலாற்றிலும் அவன் பெரிதும் மதிக்கப்பட்டவன். ஆம்ஃபிபோலிஸ் மக்கள் அவனைத் தம் நகரின் நிறுவனராகக் கொண்டு ஆண்டுதோறும் விழாவெடுத்தனர். அத்தகைய நண்பனைக் கண்ணெதிரே கொன்றவனைத்தான் தம்பி என்று அழைக்கவேண்டியிருக்கிறது. மன்னிப்பு மலிவாகக் கிடைக்காத இடத்தில் கதை ஆடுபவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. டெய்மோஸ் கொன்றவரெல்லாம் பெயரற்ற காவலராக மட்டும் இருந்திருப்பின் அவனை ஏற்றுக்கொள்ளுதல் எளிதாகியிருக்கும். அவ்வேற்பிற்குப் பொருளும் இராது.

மீண்டும் அம்மலை

இறுதிக் காட்சி தொடங்கிய இடத்திலேயே, டைகெட்டஸ் மலையில் நிகழ்கிறது. தாயும் தமக்கையும் ஒருபுறம். வாளேந்திய டெய்மோஸ் மறுபுறம். இதற்குமுன் அவனைச் சந்தித்தபோதெல்லாம் ஆடுபவர் என்ன விடை தந்தார் என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. ஏதென்ஸ் சிறையில் கசாண்ட்ரா அடைபட்டிருந்தபோது அவன் காண வருகிறான். அங்கே அவனை இகழ்ந்து பேசலாம், மிரட்டலாம், அல்லது உன்னை வளர்த்தவர் உன்னைக் கருவியாகவே வைத்திருக்கின்றனர் என்று பொறுமையாக எடுத்துரைக்கலாம். அவ்வாறு எடுத்துரைத்திருந்தால் மலையில் அவன் வாள் தாழ்கிறது. அலெக்சியோஸ் தாயிடம் திரும்புகிறான். இல்லையேல் உடன்பிறந்தாருள் ஒருவர் கையால் மற்றவர் மாள்கிறார்.

பெரிய வெற்றிப் போர்களால் பெற முடியாத ஒன்றை, எப்போதோ சொன்ன ஒரு சொல் பெற்றுத் தருகிறது. நல்ல முடிவு வாய்த்தால், குடும்பத்தில் எஞ்சியோர் ஸ்பார்ட்டாவில் தம் வீட்டில் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். யார் யார் அங்கே இருப்பர் என்பதும் ஆடுபவரின் முந்தைய தேர்வுகளைப் பொறுத்தது. மகளைத் தள்ளிவிட்ட நிகொலாவோஸை முன்னரே கொன்றிருந்தால் அவனுக்குரிய இடம் அங்கில்லை. பழிதீர்த்த ஒவ்வொரு முறையும் மேசையில் ஓர் இருக்கை குறைகிறது.

இப்படைப்பில் குறைகளும் உண்டு. யார் டெய்மோஸ் ஆயினும் சீற்றமும் பேச்சும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக உள்ளன. தமக்கை அடையும் வெறுப்பும் தம்பி அடையும் வெறுப்பும் ஒன்றாகவே இருக்குமோ என்னும் வினாவை ஆசிரியர்கள் எழுப்பவே இல்லை. ஆணைவிடப் பெண்ணை வேறுவகையில் நடத்திய அக்காலக் கிரேக்கச் சூழலில் இது ஒரு பெரிய வாய்ப்பு, அது நழுவிவிட்டது. டெய்மோஸ் வளர்ந்த ஆண்டுகளை நேரில் காட்டாமல் பிறர் வாய்மொழியாகவே சொல்லிச் செல்வதும் குறையே. முழுக்கதை வேண்டும் என்று வற்புறுத்தும் படைப்பு, அவன் கதையில் ஒரு பகுதியைத் தானும் இருட்டில் விட்டுவிட்டது.

ஸ்பார்ட்டாவின் மறுபாதி

இங்கே ஸ்பார்ட்டாவைப் பற்றியே ஒரு செய்தி சொல்லவேண்டும். குறையுடைய குழந்தைகளை டைகெட்டஸ் மலைப்பள்ளத்தில் விட்டுவிடும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது என்று உலகம் நம்புகிறது. இச்செய்திக்குப் பெருஞ்சான்று புளூட்டார்க் எழுதிய லைகர்கஸ் வரலாறு. புளூட்டார்க் வாழ்ந்ததோ பெலோபொனேசியப் போருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பின்னர். குற்றவாளிகளை எறியும் பள்ளமாகத் துசிடிடீஸ் குறிப்பிடும் கையாடஸ் என்னும் இடத்தில் கிரேக்க அறிஞர்கள் ஆய்வு நடத்தினர். அங்குக் கிடைத்த எலும்புகள் வளர்ந்த மனிதருடையவை, குழந்தைகளுடையவை கிடைக்கவில்லை என்னும் செய்தி 2007-இல் வெளிவந்தது. இதனால் அவ்வழக்கமே இருந்ததில்லை என்று அறுதியிட முடியாது; ஐயத்திற்கு இடமுண்டு என்பது தெளிவு.

ஸ்பார்ட்டா மக்கள் தம்மைப் பற்றி எழுதிவைத்தது மிகக் குறைவு. அவர்களைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி ஏதென்ஸ் நாட்டவரும் பிற்காலத்தவரும் எழுதியது. வியந்தோர் உண்டு; வெறுத்தோர் உண்டு; இருதிறத்தாரும் வெளியே நின்றவர்களே. அவ்வகையில் ஸ்பார்ட்டாவும் ஒரு டெய்மோஸ். தன் கதையைப் பிறர் சொல்லக் கேட்கவேண்டிய நிலை அதற்கும் நேர்ந்தது. துமாவின் கைதிக்கு முகத்தில் இரும்பு. ஸ்பார்ட்டாவிற்குப் பிறர் எழுத்து. இரண்டும் முகமூடிகளே.

கவிஞர்க்கு

இவ்விளையாட்டிலிருந்து கவிதை உலகம் கொள்ளத்தக்கது என்ன? பகைவனைப் பாடாத கவிதை உலகில் இல்லை. சீற்றம் கவிதைக்கு உரியதே. கொடுமையைக் கண்டு சீறாத கவிதைக்கு உயிரில்லை. ஆனால் பகைவனைப் பாடும்போது பெரும்பாலும் பாதிக் கதையே பாடப்படுகிறது. அவன் செய்தவை முழுவதும் வரிகளில் நிறைகின்றன. அவனுக்குச் செய்யப்பட்டவை விடுபடுகின்றன. அதைவிட முதன்மையாக, அவன் வீழ்ச்சியில் பாடுவோர் கைக்கும் பங்குண்டோ என்னும் வினா விடுபடுகிறது.

கசாண்ட்ரா தம்பிக்கு முழுக்கதையைச் சொல்லவேண்டுமானால், முதியவர்மீது மோதியவள் தானே என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதை மறைத்துத் தாயின் கண்ணீரை மட்டும் சொன்னால் அதுவும் பாதிக் கதையே. மறைச்சங்கத்தார் செய்ததையே வேறுபக்கம் நின்று செய்ததாக முடியும். பகைவனின் கதையை நிறைவு செய்வது அவன் பிழையைக் குறைப்பதற்காக அன்று. பிராசிடாஸின் சாவு சாவுதான். எந்தக் கண்ணீரும் அதைக் கழுவாது. நிறைவு செய்யப்பட்ட கதையில்தான் பகைவனுக்கும் திரும்பி வர ஒரு வழி இருக்கும். அவ்வழியை அடைத்துவிட்டுப் பாடப்படும் பாடல், குழந்தையை மீண்டும் அம்மலையுச்சிக்குக் கொண்டுசெல்கிறது.

உத்தமபுத்திரனின் இரட்டையரைக் கண்ட மக்கள், எவன் நல்லவன் எவன் தீயவன் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டு அமைதியாக இருந்தனர். டெய்மோஸின் கதை அவ்வமைதியைத் தருவதில்லை. தேர்ந்தெடுத்தவர் தலைவர் ஆனார், விடப்பட்டவர் பகைவர் ஆனார். தேர்வு மாறியிருந்தால் இருவரும் இடம் மாறியிருப்பர். இதை ஒருமுறை அறிந்த ஆடுபவர், எதிரில் வாளோடு நிற்பவனின் முகத்தில் தாம் விட்டுவந்த மற்றொரு வாழ்வைக் காண்கிறார். வாளை ஓங்குமுன் சற்றே தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைப் படிப்போர் நெஞ்சில் உண்டாக்கும் கவிதைகள் இவ்வட்டத்தில் மேலும் பிறக்கட்டும்.